கூந்தலும் கனிப்புளிப்பும்: மலாக்காத் தலைமுழுக்கு மரபு குறித்து ஒரு நோக்கு

மலாக்கா நகரின் வடமேற்கே நீரிணைக் கரையில் அமைந்துள்ள ஊர் தஞ்சோங் கிளிங். ‘தஞ்சோங்’ என்பது கடல்முனையையும், ‘கிளிங்’ என்பது தென்னிந்தியரையும் குறிக்கும் மலாய்ச் சொற்களாகும். தமிழர் தொடர்பைப் பெயரிலேயே தாங்கும் இக்கரை, ‘மண்டி சஃபார்’ எனும் நீராடல் விழாவுக்கும் பெயர்பெற்றிருந்தது. அவ்விழா சமய நோக்கில் ஏற்கப்படாமையால் வழக்கொழிந்தது. எனினும், ரமலான் நோன்பை ஒட்டி லிமாவ் பூருட் எனும் எலுமிச்சையினக் கனியை நீரிலிட்டுக் குளிக்கும் வழக்கம் மலாய் மரபில் உண்டு. கனியின் புளிப்பைக் கொண்டு தலை தூய்மை செய்தல் தமிழர்க்கும் பழகிய ஒன்றேயாதலின், இவ்விரு மரபுகளையும் இணைத்து நோக்குதல் பொருத்தமாகும்.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, மாதவி பத்துத் துவர், ஐவகை விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை ஆகியன ஊறிய நீரில் கூந்தலை ஆட்டியதைக் கூறுகிறது. உரைகாரர் காட்டும் துவர்களுள் நெல்லியும் அடங்கும். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் வணிகமுறையில் பயிரிடப்பட்டது. தொடர்ந்து பெருகிய தோட்டங்களுக்கு வந்த தமிழர், எண்ணெய் முழுக்கையும் சீயக்காயையும் உடன் கொணர்ந்தனர். தீபாவளி விடியலில் அம்மரபு இன்றும் நிலவுகிறது.

இம்மரபின் அறிவியற் பொருத்தத்தையும் நாம் எண்ணிப் பார்க்கலாம். 1784இல் சுவீடனைச் சேர்ந்த ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். தலைத்தோலின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5.5, சவர்க்காரத்தின் மதிப்போ 9 முதல் 10 வரை. சவர்க்காரத்தின் காரத்தன்மை முடியின் மேற்செதில்களை விரியச் செய்கிறது. கடின நீரில் வெண்படிவும் தங்குகிறது. நீர்த்த அமிலம் அப்படிவைக் கரைத்துச் செதில்களைப் படியச் செய்வதால் முடி மென்மையும் மினுமினுப்பும் பெறுகிறது. சீயக்காயோ சபோனினால் அழுக்கை நீக்குவது. சவர்க்காரம்போல் காரத்தன்மை மிக்கதன்று.

ஆயினும், ‘இயற்கையானது, ஆகவே தீங்கற்றது’ எனும் முடிபு பொருந்தாது. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். மதிப்பு 2 முதல் 3 வரை இருப்பதால், நீர் கலவாது தடவினால் தோல் எரியும். எலுமிச்சையினக் கனிகளிலுள்ள ஃபியூரோகூமரின் வெயிலோடு சேர்ந்து கொப்புளங்களையும் கருமையையும் உண்டாக்கக்கூடும். பொடுகு, மலசீசியா எனும் பூஞ்சையோடு தொடர்புடையது. அதற்குக் கனிச்சாறு உறுதியான மருந்தன்று.

ஆகவே, புளிப்பை நீர்த்துப் பயன்படுத்தி, நன்கு அலசிவிடும் அளவறிவே இம்மரபின் பயனைக் காக்கும் என்பது நம் கருத்து. ஊர்ப்பெயர்கள் வரைபடங்களில் நிலைபெற்றுவிடுகின்றன. நீராடல் அறிவோ பெண்களின் கைப்பழக்கத்திலேயே வாழ்கிறது. மூத்த தலைமுறையினரிடம் மாணவர்கள் அதனைக் கேட்டு, அளவும் முறையும் பிழையாது பதிவுசெய்ய ஆசிரியர்கள் வழிகாட்டுதல் வேண்டும்.