நிக்கல் கண்ட ஈழத்து நாட்டுப்புறம்

விக்டோரியா மகாராணி காலத்து நிலக்காட்சி ஓவியருள் ஈழத்தோடு தொடர்புடையவர் அன்றூ நிக்கல். 1804இல் பெல்பாஸ்ற் நகரிற் பிறந்த இவர், 1846இல் கொழும்பு அக்கடமிக்கு ஓவிய ஆசிரியராக வந்தார். அதுவே பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்றது.

1848இல் குடியேற்றநாட்டுச் செயலாளர் எமேசன் ரெனன்ற் மேற்கொண்ட பயணத்தில் நிக்கலும் உடன்சென்றார். காடும் குளமும் தாதுகோபமும் அவர் தூரிகைக்குப் பொருளாயின. 1859இல் வெளிவந்த ரெனன்றின் இலங்கை பற்றிய நூலில் அவர் வரைந்த காட்சிகள் பல இடம்பெற்றன.

அதே 1848 யூலையில் மாத்தளை, குருநாகற் பகுதிகளிற் கிளர்ச்சி மூண்டது. துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதிக்கப்பட்டிருந்தது. வீதியமைக்க ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்போ, மூன்று சிலிங் பணமோ கொடுத்தல் வேண்டும் என்பதும் சட்டமாயிற்று. கிளர்ச்சித் தலைவருள் ஒருவரான புரன் அப்பு ஓகஸ்ற் 8ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அக்கால நிலக்காட்சி மரபில் மாந்தர் சிற்றுருவினர்; காட்சிக்கு அழகு சேர்ப்பதே அவர்தம் பணி. அவர்தம் வரிச்சுமையை வண்ணம் உரைப்பதில்லை. ஆதலின், அழிந்துபோன நாட்டுப்புறத்தின் தோற்றத்தை நிக்கலின் ஓவியத்திற் காண விழைவோர், அவ்வாண்டின் வரிச்சட்டங்களையும் அருகே வைத்துக் கற்றல் வேண்டும். இரண்டும் சேர்ந்தே வரலாறாகும்.