ஹார்லம் நூல்நிலையமும் மக்களும்

நூல்நிலையம் எதற்காக என்று மாணவரைக் கேட்டால், நூல்களை வைத்திருப்பதற்காக என்ற விடையே பெரும்பாலும் வரும். வகுப்பறையில் இக்கேள்வியைப் பலமுறை கேட்டு இவ்விடையையே பெற்றிருக்கிறேன். விடை பிழையன்று, ஆயின் அது பாதி விடையே. நூல்கள் யாருக்காக வைக்கப்பட்டுள்ளன? அவர்கள் அவற்றை எவ்வாறு அடைவர்? நாள் முழுவதும் உழைத்துக் களைத்து வருபவனுக்கும், எழுத்துக் கூட்டி வாசிக்கவும் இயலாதவனுக்கும் அந்நூல்நிலையம் செய்யத்தக்கது யாது? மறுபாதி விடை இக்கேள்விகளிலேயே அடங்கியுள்ளது. அம்மறுபாதியைத் தேடிச்சென்ற ஒரு நூல்நிலையத்தின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம். நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதியில், 135ஆம் வீதியில் அமைந்த கிளை நூல்நிலையமே அது.

1901ஆம் ஆண்டில் உருக்கு முதலாளியான அன்ட்ரூ கார்னகி, நியூயோர்க்கிற் கிளை நூல்நிலையங்கள் கட்டுவதற்கென 52 இலட்சம் டொலரை வழங்கினார். அக்கொடையினால் எழுந்த கட்டடங்களுள் ஒன்று 1905ஆம் ஆண்டில் 135ஆம் வீதியில் திறக்கப்பட்டது. கொடையைப் போற்றுவோர் அதன் ஊற்றையும் மறத்தலாகாது. 1892இல் கார்னகியின் ஹோம்ஸ்ரெட் உருக்காலையில் ஊதியக் குறைப்பை எதிர்த்து நின்ற தொழிலாளர்மீது ஆயுதந்தாங்கிய கூலிக் காவலர் ஏவப்பட்டனர். இருதரப்பிலும் உயிர்கள் பலியாயின, தொழிற்சங்கம் முறியடிக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் உலைமுன் வெந்தவனுக்கு நூல் வாசிக்க நேரமேது என்ற கேள்விக்கு எந்தக் கொடையும் விடையாகாது. உழைப்பாளரிடமிருந்து பறித்த செல்வத்தில் ஒரு பகுதி கட்டடமாகத் திரும்பி வந்தது, அவ்வளவே. அக்கட்டடம் மக்களின் உடைமையானமை வேறொரு வரலாறு.

நூல்நிலையம் திறக்கப்பட்ட வேளையில் அதன் சுற்றுப்புறத்தில் வாழ்ந்தோர் பெரும்பாலும் வெள்ளையர். அவருள் யூதக் குடும்பத்தினர் பலர். பதினைந்தே ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தபோதும் அதன் வேர் அறுபடவில்லை. கறுப்பின உழவர் விளைச்சலிற் பெரும்பங்கை நிலவுடைமையாளருக்குக் கொடுத்துக் கடனில் மூழ்கினர். வாக்குரிமை சூழ்ச்சியாற் பறிக்கப்பட்டது. வெறிகொண்ட கும்பல்கள் மனிதரை மரத்தில் தூக்கிக் கொன்றபோது நீதிமன்றங்கள் கண்மூடியிருந்தன. முதலாம் உலகப் போர் ஐரோப்பியக் குடிவரவைத் தடுத்தது; வடபகுதித் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் புகையிரதமேறி வடக்கே வந்தனர். கரீபியன் தீவுகளிலிருந்தும் பலர் வந்து சேர்ந்தனர். இவ்வாறு வந்தோர் செறிந்து வாழ்ந்த இடமே ஹார்லம்.

தெற்கிலிருந்து வந்தவருக்கு நூல்நிலையம் என்பது எத்தகைய அனுபவம் என்பதையும் அறிதல் வேண்டும். அங்கே அவர்தம் வரிப்பணத்தில் இயங்கிய நூல்நிலையங்கள் பலவற்றில் அவர்கள் நுழையவும் இயலாது. கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், 1905இல் கறுப்பின மக்களுக்கென்று தனிக்கிளை ஒன்று தொடங்கப்பட்டது. தோமஸ் பௌண்டன் புளூ என்ற கறுப்பினத்தவர் அதனைத் திறம்பட நடத்தினார். ஆயினும் அது பிரித்துவைக்கப்பட்ட நூல்நிலையமே. 1939ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், வேர்ஜினியா மாநிலத்து அலெக்சாந்திரியாவில் ஐந்து இளைஞர் பொது நூல்நிலையத்திற் புகுந்து அங்கத்துவ அட்டை கேட்டனர். மறுக்கப்பட்டதும் ஆளுக்கொரு நூலை எடுத்துக்கொண்டு அமைதியாக அமர்ந்து வாசித்தனர். பொலிசார் வந்து அவர்களைக் கைது செய்தனர். 1961ஆம் ஆண்டு மார்ச்சில், மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரிலும் ஒன்பது மாணவர் இவ்வாறே நூல்நிலையத்தில் இருந்து வாசித்தமைக்காகக் கைதாயினர். நூலைக் கையிலெடுத்தலே குற்றமாயிருந்த நாட்டில்தான் ஹார்லம் நூல்நிலையத்தின் கதவு திறந்திருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

கதவு திறந்திருத்தல் மட்டும் போதுமா? 1920ஆம் ஆண்டில் இக்கிளைக்குத் தலைமை நூலகராக வந்த ஏர்ணஸ்ரீன் ரோஸ் என்னும் வெள்ளைப் பெண்மணி, போதாது என்று கருதினார். குடியேறிய ஏழை மக்கள் வாழ்ந்த பகுதிகளில் முன்னரே பணியாற்றிய அவர், சுற்றுப்புறத்து மக்களை அறியாத நூலகர் நூல்களையும் அறியார் என்னும் தெளிவு பெற்றிருந்தார். நூல்நிலையத்தின் பணியாளர் அம்மக்களிடையேயிருந்தும் வரல்வேண்டும் என்பது அவர் கண்ட முதல் உண்மை. அவ்வாண்டிலேயே கத்தரின் லற்றிமர் பணியில் அமர்ந்தார். நியூயோர்க் பொது நூல்நிலையத்தின் முதலாவது கறுப்பின நூலகர் அவரே. அடுத்த ஆண்டில் புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பூரா பெல்ப்ரே வந்தார். தம் பாட்டியிடம் கேட்ட நாட்டார் கதைகள் எந்த அலுமாரியிலும் இல்லாதிருத்தலைக் கண்ட அவர், அவற்றைத் தாமே சிறுவருக்குச் சொல்லலானார். 1929இல் 115ஆம் வீதிக் கிளைக்கு மாற்றம் பெற்றபின், ஸ்பானிய மொழியிலும் கதைநேரங்களை நடத்தினார். ஆங்கிலம் அறியாத தாய்மார் தம் பிள்ளைகளுடன் நூல்நிலையத்துக்கு வந்த காட்சி அவ்வாறு தோன்றியதே.

135ஆம் வீதிக் கிளையில் மாலைவேளைகள் அமைதியாகக் கழியவில்லை. விரிவுரைகள், வாசகர் வட்டங்கள், கவிதை வாசிப்புகள், கலந்துரையாடல்கள் என்று கூட்டங்கள் நடந்தவண்ணம் இருந்தன. 1921இல் கறுப்பின ஓவியரின் படைப்புகள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஹார்லத்தில் வந்திறங்கிய லாங்ஸ்ரன் ஹியூஸ் என்ற இளைஞர் முதலில் நாடிச்சென்ற இடங்களுள் இந்நூல்நிலையமும் ஒன்று. பின்னாளில் அம்மக்களின் பெருங்கவிஞராய் விளங்கியவர் அவர். 1923இல் இங்கு பணிக்கு வந்த ரெஜினா அன்டர்சன், இளம் எழுத்தாளர்களை ஒருங்கிணைப்பதிற் பெரும்பங்கு வகித்தார். ஹார்லம் மறுமலர்ச்சி என்று இலக்கிய வரலாற்றாசிரியர் குறிப்பிடும் எழுச்சியை ஒருசில மேதைகளின் தோற்றமாகவே பலர் எழுதுவர். அம்மேதைகள் ஒருவரையொருவர் சந்தித்த மண்டபத்தையும், அங்கே கதிரைகளை அடுக்கிவைத்த பெண்களையும் அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

கூட்டங்கள் பெருகப் பெருக ஒரு குறை வெளிப்பட்டது. தம் இனத்தின் வரலாற்றை அறிய விரும்பி வந்தோருக்குக் கொடுப்பதற்கு நூல்கள் அரிதாயிருந்தன. இருந்தவையும் கைக்குக்கை மாறிக் கிழிந்தன. மக்களின் கேள்விகளே நூற்றொகுதியை உருவாக்கின. 1925இல் கறுப்பின இலக்கியம், வரலாறு ஆகியவற்றுக்கெனத் தனிப்பிரிவு திறக்கப்பட்டது. இதற்காக உழைத்தவருள், வீதிமூலைகளில் நின்று உழைப்பாளருக்கு அரசியலும் அறிவியலும் போதித்த ஹியூபேர்ட் ஹரிசனும் ஒருவர். அடுத்த ஆண்டில் ஆர்த்துரோ ஷொம்பேர்க்கின் நூற்றொகுதி வந்து சேர்ந்தது. 1874இல் புவேர்ட்டோ ரிக்கோவிற் பிறந்த ஷொம்பேர்க், நியூயோர்க்கில் வங்கியொன்றின் எழுதுவினைஞர். கறுப்பருக்கு வரலாறே இல்லை என்று இளமையில் ஆசிரியர் ஒருவர் கூறக் கேட்டு, அவ்வரலாற்றைத் தேட முற்பட்டார் என்பர். சம்பளத்தில் மிச்சம்பிடித்து அவர் சேர்த்தவை 5,000க்கு மேற்பட்ட நூல்களும், 3,000 கையெழுத்துப் படிகளும், பல்லாயிரம் சிறுநூல்களும் படங்களும் ஆகும். கார்னகி நிதியம் 10,000 டொலர் கொடுத்து அவற்றை வாங்கி நூல்நிலையத்துக்கு அளித்தது. 1932 முதல் 1938இல் மறையும்வரை ஷொம்பேர்க் தாமே அப்பிரிவின் பொறுப்பாளராய் இருந்தார்.

அதே 1926ஆம் ஆண்டில் கட்டடத்தின் நிலவறையில் ஒரு நாடகமேடை எழுந்தது. அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபோய்சும் ரெஜினா அன்டர்சனும் இணைந்து தொடக்கிய நாடகக்குழு அங்கே தன் நாடகங்களை அரங்கேற்றிற்று. வெள்ளையர் நாடகங்களிற் கோமாளியாகவும் வேலையாளாகவும் மட்டுமே காட்டப்பட்ட மக்கள், அந்நிலவறையில் தம்மைத் தாமே கண்டனர். 1940இல் அமெரிக்க நீகிரோ அரங்கு என்னும் குழு அதே இடத்தில் தோன்றியது. மேடையேற்றத்தோடு நடிப்புப் பயிற்சியும் அளித்தது. 1944இல் அங்கு அரங்கேறிய 'அன்னா லூக்காஸ்ரா' என்ற நாடகம், அவ்வாண்டிலேயே புரோட்வே அரங்குக்குச் சென்று 900க்கு மேற்பட்ட தடவை மேடையேறிற்று. உணவகத்திற் கோப்பை கழுவிப் பிழைத்த சிட்னி பொய்ற்றியர் இக்குழுவை நாடிவந்தபோது, சரிவர வாசிக்கவும் அறியாதவர், உச்சரிப்பும் ஏற்கப்படவில்லை. திருப்பியனுப்பப்பட்ட அவர், முதிய உணவகப் பணியாளர் ஒருவரின் உதவியோடு பத்திரிகையை வைத்து வாசிக்கப் பழகினார். குழுவின் இடத்தைக் கூட்டித் துடைப்பதற்கு ஈடாகப் பயிற்சி வகுப்பில் இடம் பெற்றார். பின்னாளில் உலகம் வியந்த நடிகரானார்.

1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி ஹார்லத்தை மிகக் கடுமையாகத் தாக்கிற்று. வேலையிழந்தோர் நூல்நிலையத்தை நிறைத்தனர். 1930களின் முற்பகுதியில் முதியோர் கல்வித் திட்டமொன்று இக்கிளையை மையமாகக் கொண்டு நடைபெற்றது. ஓவியப் பயிற்சிக்கூடம் ஒன்றும் நூல்நிலையத்தின் ஆதரவிற் செயற்பட்டது. 1934இல் அரசின் நிவாரணத் திட்டத்தின்கீழ் ஆரன் டக்ளஸ் என்ற ஓவியர், ஆபிரிக்காவிலிருந்து அமெரிக்க நகரம் வரையிலான தம் மக்களின் பயணத்தை நான்கு பெரும் ஓவியங்களாக நூல்நிலையத்துக்கென வரைந்தார். அந்நாட்களில் ஹார்லத்துப் பயிற்சிக்கூடங்களில் ஓவியம் கற்ற ஏழைச் சிறுவன் ஜேக்கப் லோறன்ஸ். வீட்டுவேலை செய்து பிழைத்த தாயின் மகனான அவன், ஷொம்பேர்க்கின் தொகுதியில் இருந்து ஹெயிற்றியின் அடிமைகள் விடுதலை பெற்ற வரலாற்றை வாசித்தான். 1938இல் அது 41 ஓவியங்களாயிற்று. பின்னர் தன் பெற்றோரின் தலைமுறை தெற்கிலிருந்து வடக்கே பெயர்ந்த கதையை அங்கேயே ஆராய்ந்து, 1941இல் 60 ஓவியங்களாக நிறைவு செய்தான். அவை இன்று உலகப் புகழ்பெற்றவை. கூட்டம், பயிற்சி வகுப்பு, நூற்றொகுதி என்ற மூன்றும் ஒன்றையொன்று வளர்த்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சிறுவர் பிரிவையும் குறிப்பிடுதல் கடன். 1937இல் அங்கு சிறுவர் நூலகராக வந்த ஒகஸ்ரா பேக்கர், அலுமாரிகளில் இருந்த நூல்களைப் புரட்டிப் பார்த்தார். கறுப்பினப் பிள்ளைகள் அவற்றுள் மூடராகவும் நகைப்புக்குரியவராகவும் சித்திரிக்கப்பட்டிருந்தனர். தன்னையே எள்ளும் நூலை ஒரு பிள்ளை எவ்வாறு விரும்பி வாசிக்கும்? பேக்கர் நூல் வெளியீட்டாளரிடம் வாதாடினார். தகுதியான நூல்களைத் தெரிந்தெடுத்து 1939இல் தனித்தொகுதியொன்றை அமைத்தார். எழுதப்படாதவற்றை வாய்மொழிக் கதைகளால் நிரப்பினார். பாடநூலையும் கதைநூலையும் மாணவர் கையிற் கொடுக்கும் எம்மனோர் சிந்திக்கவேண்டிய செய்தி இது.

இவ்வரலாற்றைக் குறையற்ற பொற்காலமாகக் காட்டுதல் நேர்மையாகாது. கறுப்பின நூலகர் பதவியுயர்வுக்காக நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. ரெஜினா அன்டர்சன் ஒரு கிளையின் தலைமைப் பொறுப்பை அடைந்தது 1938இலேயே. நூல்நிலையத்தின் சுவர்களுக்கு வெளியே வாடகைக் கொள்ளையும் வேலையின்மையும் தொடர்ந்தன. கவிதை வாசிப்பினால் அடுப்பு எரிவதில்லை. ஆயினும் தன் நிலைக்குக் காரணம் தன் பிறப்பன்று, வரலாறே என்பதை உணர்ந்தவன் முன்போல் தலைகுனிந்து நிற்பதில்லை. அவ்வுணர்வு பிறப்பதற்கு ஓரிடம் வேண்டும். பணம் கேளாத, சாதியும் நிறமும் பாராத பொது இடமாக அது இருத்தல் வேண்டும். ஹார்லம் நூல்நிலையம் அத்தகைய இடமாயிருந்தது. அத்தொகுதி 1972இல் கறுப்பினப் பண்பாட்டு ஆய்வு நிலையமாக உயர்ந்தது. இன்று ஒரு கோடிக்கு மேற்பட்ட ஆவணங்களையும் பொருள்களையும் பேணிவருகிறது.

1981இல் யாழ்ப்பாணத்தில் 97,000 நூல்கள் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களது. நூல்நிலையம் ஒரு மக்களுக்கு என்னவாயிருக்கும் என்பதை எரித்தவரும் அறிந்திருந்தனர் என்பதே அக்கதையின் கொடிய உண்மை. கட்டடத்தை மீண்டும் கட்டினோம். நூல்களையும் சேர்த்து வருகிறோம். ஆனால் எங்கள் ஊர் வாசிகசாலைகளில் மாலைவேளையிற் பத்திரிகை புரட்டும் நால்வரைத் தவிர வேறு யார் வருகின்றனர்? பெண்கள் வருகின்றனரா? தோட்டத்திலும் கடலிலும் உழைப்போர் வருகின்றனரா? அங்கே ஒரு கதைநேரம், ஒரு வாசகர் வட்டம், எழுத்தறியாதோருக்கு ஒரு வகுப்பு நடத்துவதற்குப் பெருநிதி எதுவும் வேண்டியதில்லை. ஒரு மேசையும், பத்துக் கதிரைகளும், மாலையில் இரண்டு மணிநேரத்தைக் கொடுக்க முன்வரும் ஓர் ஆசிரியருமே போதும். மேசையும் கதிரைகளும் பெரும்பாலான வாசிகசாலைகளில் ஏற்கெனவே உள்ளன.