புகைவண்டிப் பாதையும் போதைப்பொருட் காவலும்

வாணிகம் செல்லும் வழியிலேயே கள்ள வாணிகமும் செல்லும். கப்பலுக்கும் கட்டை வண்டிக்கும் பொருந்திய இவ்வுண்மை புகைவண்டிக்கும் பொருந்தும். 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதற் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதே அதன் நோக்கம். 1909இல் பாதை தெற்கே ஜொகூர் பாருவைத் தொட்டது. 1918இல் வடக்கே பாடாங் பெசாரில் சயாம் நாட்டுப் பாதையோடு இணைந்தது. 1923இல் கடற்பாலத்தின் வழியே வண்டிகள் சிங்கப்பூருக்குள் நுழைந்தன. இவ்வாறு பேங்காக்கிலிருந்து சிங்கப்பூர்வரை இடையறாத இருப்புப்பாதை அமைந்தது.

இப்பாதையின் வரலாறு தமிழருக்கு அயலானதன்று. தண்டவாளத்தைப் பேணிய தொழிலாளருள் தென்னிந்தியத் தமிழர் மிகப் பலர். நிலைய அதிபராகவும் எழுத்தராகவும் பணி செய்தோருள் யாழ்ப்பாணத் தமிழர் பலர். அவர்கள் நடத்திய வண்டிகளிலேதான் அபினும் பின்னாளில் ஹெராயினும் மறைவாகப் பயணம் செய்தன. அவற்றைத் தடுக்க அதிகாரிகள் எடுத்த முயற்சியை ஆராய்வோர் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். சோதனை எதைக் காப்பதற்காக நடந்தது? அஃது எந்த இடத்தில் நடந்தது? காவலின் வெற்றியும் தோல்வியும் இவ்விரு வினாக்களிலேயே அடங்கியுள்ளன.

வருவாயைக் காத்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயாவில் அபின் தடை செய்யப்பட்ட பொருள் அன்று. அதனை விற்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது. இந்தியாவில் அரசின் முற்றுரிமையாக விளைவிக்கப்பட்டுக் கல்கத்தாவில் ஏலம் விடப்பட்ட அபின், இங்கே ‘சண்டு’ என்னும் புகைக்கும் பதத்துக்குக் காய்ச்சப்பட்டது. ஈயச் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் உழைத்த சீனத் தொழிலாளர் உடல்வலி மறக்க அதனைப் புகைத்தனர். அவர்கள் கூலியின் ஒரு பகுதி புகையாகி, அரசின் கருவூலத்தில் பணமாகச் சேர்ந்தது. சில ஆண்டுகளில் நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்தே வந்தது என்றால் அதன் பெருமளவை உணரலாம்.

1910இல் நீரிணைக் குடியேற்றங்களில் குத்தகை முறை ஒழிந்து, அரசே சண்டு தயாரித்து விற்கலாயிற்று. அக்காலத்தில் புகைவண்டிப் பயணி ஒருவரின் பெட்டியில் சண்டு அகப்பட்டால், அதிகாரி முதலில் அறிய விரும்பியது அது யாருடைய சண்டு என்பதையே. அரசின் சண்டாயின் சட்டம் அனுமதித்த அளவுக்கு அதனை வைத்திருக்கலாம். பிறர் காய்ச்சியதாயின் குற்றம். இரண்டும் ஒரே நஞ்சு. ஒரே பெட்டியில் வருவது. ஒரே மனிதரைக் கெடுப்பது. வேறுபாடு தீர்வையில் மட்டுமே இருந்தது. ஆகவே அக்காலச் சோதனை மக்களைக் காத்ததைவிட வருவாயைக் காத்ததே மிகுதி. தானே விற்கும் பொருளைக் கடத்துவது பாவம் என்று ஓர் அரசு சொன்னால் அதனை எவர் நம்புவர்? கள்ளச் சண்டு மலிவாகக் கிடைத்ததால் ஏழைப் புகைப்பாளர் அதனையே நாடினர்.

தடையும் அதன் விளைவும்

1912ஆம் ஆண்டு ஹேக் நகரில் கையொப்பமான அபின் உடன்படிக்கைக்குப் பிறகு உலக நாடுகளின் நோக்கு மெல்ல மாறியது. எனினும் முழுத் தடை வரப் போர் வேண்டியதாயிற்று. மலாயா ஜப்பானியர் கையில் இருந்த 1943ஆம் ஆண்டு நவம்பரில், மீட்கப்படும் நாடுகளில் அபின் புகைத்தலை அனுமதிப்பதில்லை என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. 1946இல் இராணுவ ஆட்சி அதனைச் சட்டமாக்கியது. 1952இல் மலாயாக் கூட்டரசில் அபாயகரமான மருந்துகள் சட்டம் பிறந்தது.

சட்டம் மாறிய அன்றே பழக்கம் மாறிவிடவில்லை. பல ஆண்டுகள் அரசே ஊட்டி வளர்த்த பழக்கம் அது. கடையில் விற்றது மறைவிடத்துக்குப் போயிற்று, விலை உயர்ந்தது, விலை உயரவே கடத்துவோருக்கு ஆசையும் உயர்ந்தது. தண்டனை மட்டும் போதாது என்பதை உணர்ந்த சிங்கப்பூர் அரசு, 1955இல் செயிண்ட் ஜான்ஸ் தீவில் அபின் அடிமைகளுக்கு மருத்துவ நிலையம் ஒன்றை அமைத்தது. புகைப்பவரைக் குற்றவாளியாக மட்டும் பாராமல் நோயாளியாகவும் பார்த்த முயற்சி அது.

1970களில் ஹெராயின் பரவியபோது நிலைமை கடுமையாயிற்று. 1971இல் சிங்கப்பூரில் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு தோன்றியது. 1975இல் இரு நாடுகளும் கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்க வகை செய்தன.

உரிமையாளர் இல்லாத பை

புகைவண்டி ஏன் கடத்துவோருக்கு உவந்த ஊர்தியாயிற்று? மோட்டார் வண்டியில் அகப்படும் பொருளுக்கு ஓட்டுநர் பொறுப்பாளி. புகைவண்டியிலோ ஒரு பெட்டியில் பலர் அமர்ந்திருப்பர். மேற்பலகையில் இருக்கும் பை யாருடையது என்று கேட்டால் எல்லோரும் தலையசைப்பர். கடத்துபவர் தம் பையை ஓரிடத்தில் வைத்துவிட்டு வேறொரு பெட்டியில் அமர்ந்துகொள்ளலாம். பொருள் அகப்படும், ஆள் அகப்படமாட்டார்.

இத்தகைய இடர்ப்பாட்டைக் கடக்கவே சட்டம் அனுமானங்களை வகுத்தது. போதைப்பொருள் அடங்கிய பை எவர் கட்டுப்பாட்டில் இருந்ததோ அவரே அதனை உடையவர், அதன் தன்மையை அறிந்தவர் என்று, மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை கொள்ளப்படும். அறியாமல் சுமந்தேன் என்பதை மெய்ப்பித்துக் காட்டும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே விழும். இதன் கடுமையை நீதிமன்றங்களும் எண்ணிப் பார்த்துள்ளன. ஓர் அனுமானத்தின்மேல் மற்றோர் அனுமானத்தை அடுக்கிக் கடத்தற் குற்றத்தை மெய்ப்பிக்க இடந்தந்த பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2019இல் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1983இல் மலேசியாவில் கட்டாயமாக்கப்பட்ட மரண தண்டனையும் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டது.

இருபது கிலோமீட்டர் இடைவெளி

இனி, சோதனை நடந்த இடத்தைக் காண்போம். 1932இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையம் சிங்கப்பூரின் தென்கோடியில் உள்ளது. இரு நாடுகளும் ஓர் ஆட்சியின் கீழ் இருந்தபோது இதனால் இடர் இல்லை. 1965இல் சிங்கப்பூர் தனிநாடானபின் நிலைமை விந்தையாயிற்று. வண்டி உட்லண்ட்ஸில் எல்லையைக் கடந்து, இருபது கிலோமீட்டருக்கு மேல் நகரூடே ஓடி, தஞ்சோங் பகாரை அடைந்த பிறகே பயணிகள் சோதிக்கப்பட்டனர். ஓடும் வண்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எறிந்தால், தண்டவாளத்தோரம் காத்திருப்பவர் எடுத்துச் செல்வது எளிது. இறுதியில் எத்துணை நுணுக்கமாகச் சோதித்தாலும் பயணியின் பை வெறுமையாகவே இருக்கும்.

1980களின் இறுதியில் இவ்விடரைச் சுட்டிக் காட்டியவர் அப்போது சிங்கப்பூர் உள்துறை அமைச்சராக இருந்த எஸ். ஜெயக்குமார். சோதனைச் சாவடி எல்லையிலேயே அமைதல் வேண்டும் என்னும் கருத்து அதிலிருந்து வளர்ந்தது. ஆனால் நிலையமும் பாதையும் மலாயாப் புகைவண்டி நிறுவனத்தின் உடைமை. எனவே காவல் பற்றிய செய்தி நிலம் பற்றிய வழக்காகவும் மாறியது. 1990இல் இரு அரசுகளும் ஓர் உடன்பாடு செய்துகொண்டபோதிலும் அதன் பொருள்பற்றிக் கருத்து வேறுபாடு நீடித்தது. 1998 ஆகஸ்ட் முதல் நாள் சிங்கப்பூர் தன் சாவடியை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியச் சாவடியோ தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. வடக்கே செல்லும் பயணி சிங்கப்பூரை விட்டு நீங்குமுன்பே மலேசியாவுக்குள் நுழைந்தவராகும் வேடிக்கை 2011 ஜூன் 30வரை நீடித்தது. மறுநாள் முதல் வண்டிகள் உட்லண்ட்ஸிலேயே நின்றன.

கற்கத்தக்கது

இவ்வரலாறு காட்டும் உண்மை தெளிவானது. அரசு தானே விற்றவரை, சோதனை எத்துணை நடந்தாலும் பழக்கம் ஒழியவில்லை. நோக்கம் திருந்திய பின்னரும், சாவடி தவறான இடத்தில் இருந்தவரை வாயில் திறந்தே கிடந்தது. நோக்கமும் இடமும் ஒருங்கே பொருந்தியபோதுதான் காவல் காவலாயிற்று.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. சாவடியில் அகப்படுபவர் பெரும்பாலும் சுமப்பவரே. பொருளுக்கு உரியவர் தொலைவில் இருப்பார். சிறு கூலிக்கோ, நட்புக்காகவோ பிறர் பையைச் சுமக்கும் ஏழை இளைஞரே சட்டத்தின் முன் முதலில் நிற்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத பையைக் கையில் வாங்காதே என்னும் பாடத்தை எந்தச் சாவடியும் கற்பிக்காது. அதனைப் பள்ளியும் வீடுமே கற்பித்தல் வேண்டும்.