ஊராத்துறையும் யானைக் கப்பல்களும்

பண்டைய கடல் வணிகத்தைப் பற்றி எழுதுவோர் முத்து, மிளகு, பட்டு ஆகியவற்றையே பெரிதும் எடுத்துக்கூறுவர். இவை சிறிய இடத்தில் அடங்கிப் பெருவிலை பெறும் பண்டங்களாகும். இவற்றுக்கு முற்றிலும் மாறான சரக்கொன்றும் ஈழத்துக் கடல்களில் நெடுங்காலம் சென்றுவந்துள்ளது. அதுவே யானை. மூன்று முதல் ஐந்து தொன் வரை நிறையுடையதும், அடுக்கவோ பிரிக்கவோ இயலாததும், உயிரோடு கரைசேர்ந்தாலன்றி விலைபெறாததுமாகிய இச்சரக்கை நெடுந்தூரம் ஏற்றிச்செல்லுதல் வணிகருக்கு எவ்வாறு கட்டுப்படியாயிற்று என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வணிகம் மிகத் தொன்மையானது. ஈழத்தவர் தம் தீவின் மரங்களைக் கொண்டு பெருங்கலங்கள் அமைத்து, யானைகளை எதிர்க்கரைக்குக் கொண்டுசென்று கலிங்க மன்னனுக்கு விற்றனர் என்று ஈலியன் எழுதியுள்ளார். கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான கொஸ்மஸ், இத்தீவின் மன்னன் யானைகளை முழக்கணக்கில் உயரம் அளந்து, முழமொன்றுக்கு இத்தனை பொற்காசு என விலைகொடுத்து வாங்கினான் என்பர். இதனால் உயர்ந்த யானைக்கே மிகுந்த விலை கிடைத்தது. பயணத்தின் இடர் ஏறத்தாழ ஒன்றேயாதலின், வணிகர் உயர்ந்த யானைகளையே நாடியிருப்பர் எனக் கொள்ளலாம்.

வளர்ந்த யானையொன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிலோகிராம் தீனியும் 100 லீற்றருக்கு மேற்பட்ட நன்னீரும் வேண்டும். பயணநாள் கூடுந்தோறும் இவற்றுக்கான இடமும் செலவும் கூடும். யானை ஒருபக்கம் சாய்ந்தால் கலமும் சாயும். ஆகவே, இவ்வணிகத்தில் கப்பலின் வலிமையைவிட முதன்மையான வினா ஒன்றுண்டு. கலம் உடைந்தால் இழப்பு யாரைச் சாரும்?

இவ்வினாவுக்கு விடைதரும் சான்று நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனமாகும். பேராசிரியர் கா. இந்திரபாலா இதனை 1963இல் பதிப்பித்தார். முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகள் தொடர்பாக விதித்த ஒழுங்குகளை இது கூறுகின்றது. தனக்கு யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடையுமாயின், அரச பண்டாரம் நான்கில் ஒரு கூற்றைக் கொள்ளவேண்டும்; மூன்று கூறு உடையவனுக்கே உரியது. பிற வாணிபச் சரக்கேற்றிய கலமாயின் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

இவ்வேறுபாட்டை நாம் ஊன்றி நோக்கவேண்டும். கலமுடைந்தபின் துணிப்பொதியோ உலோகமோ ஓரளவு மீளும். விலங்கு மூழ்கினால் மீள்வது மரக்கலத்தின் துண்டுகளே. ஆகவே, மிகுந்த இழப்புக்குள்ளாகும் வணிகனுக்கு மிகுந்த பங்கை விட்டுக்கொடுத்து, அவன் மறுபடியும் வருவதை மன்னன் உறுதிசெய்தான் எனலாம். படைக்கு வேண்டிய விலங்குகளைப் பெறுவதே இதன் நோக்கமென்று கூறுவாரும் உளர். இவ்விரண்டும் முரண்படுவன அல்ல. இராமஞ்ஞ தேசத்து அரசன் யானைகளின் விலையை உயர்த்தியதை, பராக்கிரமபாகு அந்நாட்டின்மீது படையெடுத்தமைக்கான காரணங்களுள் ஒன்றாகச் சூளவம்சம் கூறுகின்றது. யானை மலிந்த தீவின் மன்னனே பிறநாட்டு யானையையும் நாடினான் என்பது இதனால் விளங்கும். காகதீய மன்னன் கணபதிதேவன் 1244இல் மோட்டுப்பள்ளித் துறையில் அளித்த சாசனமும், உடைந்த கலங்களின் சரக்கை அரசர் கவர்ந்துவந்த முன்னை வழக்கத்தைக் குறிப்பிட்டு, அதனைக் கைவிட்டுச் சுங்கம் மட்டும் கொள்வதாக உறுதி கூறுகின்றது.

பிற்காலத்தில் ஏற்றுமதியே ஓங்கியது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வன்னியர் திறையாக அளித்த யானைகள் ஆழங்குறைந்த நீரேரியைத் தாமே நடந்து கடந்து குடாநாட்டை அடைந்தன. தரைவழியில் சரக்கே தன்னைச் சுமந்து வந்ததாதலின் வண்டிச்செலவு இல்லை. ஆனையிறவு என்னும் பெயர் இவ்வழியை இன்றும் நினைவூட்டுகின்றது. ‘கயிற்ஸ்’ என்பதும் ‘யானைத்துறை’ எனப் பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரின் சிதைவே. கோல்கொண்டா, வங்காளம் முதலிய நாடுகளின் வணிகர் யானை வாங்க யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். இந்தியக் கரைகளிலிருந்து அரிசியும் துணியும் ஏற்றிவந்த கலங்கள் யானைகளுடன் மீண்டபோது, போக்குவரவுச் செலவு இரு சரக்குகளுக்கும் பகிரப்பட்டது. யாழ்ப்பாணத்து ஒல்லாந்தக் கொமாந்தர் சுவார்தக்குரூன் 1697இல் எழுதிய குறிப்பேடும் இவ்வணிகத்தைப் பேசுகின்றது.

எனவே, பருஞ்சரக்கைத் தொலைதூரம் செலுத்தியது கலத்தின் வலிமை மட்டுமன்று. உயரத்துக்கேற்ற விலை, வெறுமையாய் வராத கலம், இழப்பைப் பகிரும் சட்டம் ஆகிய மூன்றுமே என்பது எமது துணிபு. கப்பலமைப்பை ஆராய்வோர் துறைமுகச் சாசனங்களையும் உடன்வைத்து நோக்குவாராயின், பெயரறியா வணிகர் பலரின் அச்சமும் துணிவும் நமக்குத் தெளிவாகும்.