குவாண்டம் தொலைப்பெயர்ச்சி

ஒரு துகளின் குவாண்டம் நிலையை, அத்துகளை அனுப்பாமலே, தொலைவிலுள்ள வேறொரு துகளில் தோற்றுவிக்கும் முறை. சார்லஸ் பென்னட் உள்ளிட்ட அறுவர் 1993-இல் முன்மொழிந்தனர். 1997-இல் இன்ஸ்புரூக்கில் ஆன்டன் சைலிங்கர் குழு ஒளித்துகளில் செய்துகாட்டியது. 2017-இல் இத்தொலைப்பெயர்ச்சி திபெத்திலிருந்து சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள்வரை, 1,400 கி.மீ. தொலைவுக்கு எட்டியது. பெயரை நம்பி, பொருளே கண்ணிமைக்கும் நேரத்தில் இடம் மாறுவதாக எண்ணக்கூடாது. பின்னிப்பிணைந்த இரு துகள்களில் ஒன்று இங்கே, மற்றது அங்கே. இங்குள்ளதையும் அனுப்பவேண்டிய துகளையும் சேர்த்து அளந்தால் நான்கில் ஒரு விடை வரும். வெறும் இரண்டு பிட் அளவுள்ள அந்த விடை வானொலியிலோ ஒளியிழையிலோ போய்ச் சேர்ந்தபின்தான் மறுமுனையில் இருப்பவர் தம் துகளைத் திருத்த முடியும். ஆகவே ஒளியின் வேகமே உச்சவரம்பு. பிணைந்த துகள்கள் உடனுக்குடன் ஒத்துப்போகின்றனவே என்று கேட்கலாம். ஒத்துப்போவது உண்மைதான், ஆனால் எந்த விடை வரவேண்டும் என்பதை யாரும் தேர்ந்தெடுக்க இயலாததால் அதில் செய்தி ஏற்ற வழியில்லை. மூலத்துகளின் நிலையும் அளவீட்டில் அழிந்துவிடுகிறது. இது நகலெடுப்பு அன்று.

ஒளியை முந்த, வெளியையே வளைத்துக் குறுக்குவழி காணலாமே என்பது அடுத்த வாதம். 1935-இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் கணக்கில் கண்ட அத்தகைய பாலம், ஒளி கடப்பதற்குள் அறுந்துவிடும் என்று 1962-இல் வீலரும் ஃபுல்லரும் காட்டினர். அதைத் திறந்தே வைத்திருக்க எதிர்மறை ஆற்றல் வேண்டும் என்பது 1988-இல் மோரிஸும் தோர்னும் போட்ட கணக்கு. வெற்றிடத்தில் நெருங்கிய இரு உலோகத் தகடுகளிடையே தோன்றும் கசிமிர் விளைவில் தென்படுவதோ அதன் துளியினும் துளி.