மூச்சுத் துணை முறைகளும் உள்ளிழுப்பு மருந்துகளும்

மூச்சுத் திணறலோடு வருபவருக்கு இருவகை உதவி கிடைக்கிறது. ஆக்சிஜனோ காற்றழுத்தமோ கொடுத்து நுரையீரலின் வேலையைக் குறைப்பது மூச்சுத் துணை. இறுகிய மூச்சுக்குழாய்களைத் தளர்த்துவதும் அவற்றின் வீக்கத்தைத் தணிப்பதும் உள்ளிழுப்பு மருந்து. இரண்டுக்கும் மாஸ்க்கும் குழாயும் பயன்படுவதால், மருந்தை நுண்துளிகளாக்கித் தரும் நெபுலைசரை வைத்ததையே ‘ஆக்சிஜன் வைத்தார்கள்’ என்று வீட்டார் சொல்வதுண்டு.

ஆக்சிஜன் கொடுப்பதில் எளியது மூக்கில் செருகும் மெல்லிய குழாய். நிமிடத்துக்கு 1 முதல் 6 லிட்டர் வரை தரலாம். பை இணைத்த மாஸ்க்கில் 15 லிட்டர் வரை போகும். சூடாக்கி ஈரப்படுத்திய காற்றை 60 லிட்டர் வரை மூக்கு வழியே செலுத்தும் உயர் ஓட்ட முறையில் நோயாளி பேசலாம், சாப்பிடலாம் என்பது பெரிய ஆறுதல்.

ஆக்சிஜனை எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதான் என்று நினைப்பது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் (சி.ஓ.பி.டி.) ஆபத்து. சிலருக்கு உடலில் கரியமில வாயு தேங்கி, மயக்கம் வரை கொண்டுபோய்விடும். இதைத் தவிர்க்கவே மருத்துவர் மோரன் கேம்பல் 1960-இல் 24, 28 சதவீதம் என அளந்து தரும் வென்சுரி மாஸ்க்கை அறிமுகப்படுத்தினார். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் நோயாளிகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், தாராளமாக ஆக்சிஜன் பெற்றவர்களில் 9 சதவீதத்தினரும், அளவு பார்த்துப் பெற்றவர்களில் 4 சதவீதத்தினரும் இறந்தனர். கரியமில வாயு தேங்கக்கூடிய சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு, ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் கருவியில் 88 முதல் 92 சதவீதம் வரை காட்டினால் போதும். 99-ஐ எட்ட வைக்க வேண்டியதில்லை.

ஆக்சிஜன் மட்டும் போதாதபோது அழுத்தம் தேவைப்படுகிறது. சிபேப் ஒரே அழுத்தத்தை இடைவிடாமல் தந்து காற்றறைகள் மூடிவிடாமல் வைக்கும். நுரையீரலில் நீர் கோத்தவருக்கும் உறக்கத்தில் மூச்சு தடைப்படுபவருக்கும் உகந்தது. பைபேப் மூச்சை இழுக்கையில் கூடுதலாகவும் விடுகையில் குறைவாகவும் அழுத்தம் தருவதால் கரியமில வாயுவை வெளியேற்ற வல்லது. 1995-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், தீவிர சி.ஓ.பி.டி. நோயாளிகளில் வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 74 சதவீதத்தினருக்கு மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டிவந்தது. மாஸ்க் வழி அழுத்தம் பெற்றோரில் அது 26 சதவீதமே. ஆனால் நினைவிழந்தவருக்கும் வாந்தி எடுப்பவருக்கும் சளியைத் துப்ப முடியாதவருக்கும் மாஸ்க் சரிவராது. அவர்களுக்கு டியூப்பும் வென்டிலேட்டரும்தான். அதிலும் அளவு முக்கியம். 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, கடுமையாகப் பாதிக்கப்பட்ட நுரையீரலுக்குப் பெரிய மூச்சுகளைவிட, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 6 மில்லி என்ற சிறு மூச்சே உயிர் காக்கிறது என்று காட்டியது.

உள்ளிழுப்பு மருந்துக்கு வந்தால், இன்ஹேலரைவிட நெபுலைசரே ‘ஸ்ட்ராங்’ என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இரைச்சலும் புகையும் அப்படி எண்ண வைக்கின்றன. நெபுலைசரில் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பூட்டமாலை 2.5 மில்லிகிராம் ஊற்றினாலும் பெரும்பகுதி கோப்பையிலும் வெளிக்காற்றிலும் போகிறது. இன்ஹேலரின் ஓர் அழுத்தலில் வருவது 100 மைக்ரோகிராம்தான்; இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் ஸ்பேசர் என்ற கூடு வழியே தேவையான தடவை கொடுத்தால், உயிராபத்து இல்லாத ஆஸ்துமா இளைப்பில் பலன் ஏறத்தாழ சமம். குழந்தைகளுக்குப் படபடப்பும் குறைவு.

செய்முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். இன்ஹேலரைக் குலுக்கி, ஒரு முறை மட்டும் அழுத்தி, நிதானமாக இழுக்க வேண்டும். மூச்சை 10 விநாடி அடக்குவது நல்லது. பொடி மருந்துக் கருவியோ இதற்கு நேர்மாறு: வேகமாக உறிஞ்சினால்தான் பொடி பிரிந்து உள்ளே போகும். கடும் திணறலில் இருப்பவருக்கும் சின்னக் குழந்தைக்கும் அது முடியாது. ஸ்டீராய்டு மருந்தை உள்ளிழுத்தபின் வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெண்படலம் படியலாம். பிளாஸ்டிக் ஸ்பேசரைச் சோப்பு நீரில் முக்கி, துடைக்காமல் உலர விட வேண்டும். துடைத்தால் உண்டாகும் நிலைமின்னூட்டம் மருந்தைச் சுவரோடு ஒட்ட வைத்துவிடும். ஸ்பேசர் வாங்க வசதியில்லாத இடங்களுக்கும் வழி உண்டு: 500 மில்லி பாட்டிலில் துளையிட்டு, இன்ஹேலரைப் பொருத்தி, இடைவெளியை அடைத்துச் செய்த ஸ்பேசர் விலைக்கு வாங்கியதற்குச் சமமாக வேலை செய்ததைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்டனர்.

இரு உதவியும் ஒருவருக்கே சேர்ந்து தேவைப்படுவது வழக்கம். சி.ஓ.பி.டி. நோயாளிக்கு நெபுலைசரை ஆக்சிஜனால் ஓட்டாமல் காற்றால் ஓட்டி, ஆக்சிஜனை மூக்கு வழியே தனியாகத் தருவார்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இன்ஹேலரைக் குழாயிலேயே பொருத்தலாம். குழாயின் ஈரம் துகள்களைப் பருக்க வைத்து வழியிலேயே படிய விடுவதால், அழுத்தும் தடவைகளைக் கூட்ட வேண்டிவரும்.