தொண்ணூற்றாறின் சுமை: கணினித் திரையில் அளவுமாற்றத்தின் வரலாறு

மேசைக் கணினியின் திரை அமைப்புகளில் 125, 150, 200 எனச் சதவீதங்களாகக் காணப்படும் அளவுமாற்ற வசதி, அதாவது எழுத்தையும் பொத்தானையும் சாளரத்தையும் திரையின் நுண்மைக்கேற்பப் பெரிதாக்கிக் காட்டும் ஏற்பாடு, திரைகள் மேம்பட்டதால் மட்டும் தேவைப்பட்டதன்று. 1980களில் செய்துகொள்ளப்பட்ட வசதியான ஓர் அனுமானத்தின் விளைவுகளைப் பின்வந்த மென்பொருளாளர்கள் சிறிது சிறிதாகப் பழுதுபார்த்து வந்ததே அதன் வரலாறு.

அச்சுத்தொழிலில் எழுத்தின் உயரத்தை அளக்கும் அலகான பாயின்ட், அங்குலத்தில் ஏறத்தாழ 72இல் ஒரு பங்கு. 1984இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மெக்கின்டாஷின் 9 அங்குலத் திரையில், பிக்சல் எனப்படும் ஒளிப்புள்ளிகள் 512க்கு 342 என்ற கணக்கில், அங்குலத்துக்கு 72 வீதம் அமைந்திருந்தமையால், ஒரு பாயின்ட்டும் ஒரு பிக்சலும் ஒன்றாயின. திரையில் கண்ட அளவே தாளிலும் கிடைத்தது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸோ 96 என்ற எண்ணைக் கைக்கொண்டது. வாசகர் தாளைக் காட்டிலும் திரையை மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தொலைவில் வைத்துப் பார்ப்பதால் எழுத்தும் அந்த அளவுக்குப் பெரிதாக வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். எனினும், 10 பாயின்ட் எழுத்துக்குப் 10 பிக்சலுக்குப் பதிலாக 13 பிக்சல் கிடைத்து உருவம் தெளிந்தது என்பதே அதன் மெய்யான பயன் எனலாம். விண்டோஸ் 2000 பதிப்புடன் வந்த லதா எழுத்துருவில் னகரத்தையும் ணகரத்தையும் பிரித்துக்காட்டும் ஒற்றைச் சுழிக்கு இடம் தேட நேர்ந்த தமிழ் வாசகர்களுக்கு அந்த மூன்று பிக்சலின் அருமை விளங்கும்.

96 என்பது எந்தத் திரையின் உண்மையான அளவும் அன்று, ஏட்டளவில் கொள்ளப்பட்ட எண்ணே. ஆயினும் அது நெடுங்காலம் மாறாதிருந்ததால், நிரலாளர்கள் பொத்தானின் அகலத்தையும் கட்டத்தின் உயரத்தையும் பிக்சல் கணக்கிலேயே எழுதிப் பழகினர். பெரிய எழுத்தை விரும்பியோருக்காக 120 என்ற மாற்று அமைப்பும் விண்டோஸில் இருந்தது. அதைத் தெரிவு செய்தவர்கள் பெட்டிகளுக்குள் அடங்காமல் வெட்டுண்ட சொற்களைக் காண நேர்ந்தது. 2001இல் ஐபிஎம் நிறுவனம் 22 அங்குலத்துக்குச் சற்றே மிகுந்த மூலைவிட்டத்தில் 3840க்கு 2400 பிக்சல் கொண்ட டி220 திரையை வெளியிட்டபோது, அங்குலத்துக்கு 204 பிக்சல் என்ற அதன் நுண்மையில் வழக்கமான எழுத்துகள் பாதி அளவுக்கும் குறைவாகச் சுருங்கின. வன்பொருள் முந்திக்கொண்டது; மென்பொருள் ஆயத்தமாகவில்லை.

2007இல் பொதுச் சந்தைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இதற்கு ஓர் உபாயம் கண்டது. அளவுமாற்றத்தை அறியாத பழைய செயலியிடம் திரை 96இல்தான் உள்ளது என்று பொய் சொல்லி, அது வரைந்து தரும் படத்தை வாங்கி, இயங்குதளமே இழுத்துப் பெரிதாக்கியது. எழுத்து வெட்டுப்படவில்லை, ஆனால் மங்கியது. 150 சதவீதத்தில் ஒரு பிக்சல் கோடு ஒன்றரைப் பிக்சலாக வேண்டும். அரைப் பிக்சல் என ஒன்று இல்லாததால், கருங்கோட்டின் ஓரம் சாம்பல் நிறத்தில் கசிந்தது. வெவ்வேறு நுண்மையுள்ள இரு திரைகளை ஒரே கணினியில் இணைப்போருக்காக, திரைதோறும் தனி அளவு என்னும் முறை 2013இல் வெளியான விண்டோஸ் 8.1இல்தான் வந்தது.

ஆப்பிள் இந்தப் பின்னச் சிக்கலை நேரடியாகத் தீர்க்காமல் விலக்கி நடந்தது. 2012இல் வந்த 15 அங்குல ரெட்டினா மேக்புக் ப்ரோவின் 2880க்கு 1800 திரை, முந்தைய 1440க்கு 900 திரையின் சரியான இரட்டிப்பு. ஒரு பிக்சல் நின்ற இடத்தில் நான்கு நின்றன, கோடுகள் கசியவில்லை. திரையைத் தானே தேர்ந்து, கணினியையும் தானே செய்து விற்கும் நிறுவனத்துக்கு இயன்ற தீர்வு இது. எந்தத் திரையோடும் இணைந்தாக வேண்டிய விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

லினக்ஸின் புதிய திரை நெறிமுறையான வேலேண்டும் தொடக்கத்தில் முழு எண் மடங்குகளையே அறிந்திருந்தது. 150 சதவீதம் கேட்டால் 200இல் வரைந்து பின்னர்ச் சுருக்கும் வழக்கமே அதில் நிலவியது. 2022இல் சேர்க்கப்பட்ட பின்ன அளவு நெறிமுறை, விகிதத்தை 120இல் இத்தனை பங்கு என முழு எண்ணாகச் செயலிக்கு அறிவிக்கிறது. 125 சதவீதத்துக்கு 150, 150 சதவீதத்துக்கு 180. அதன்பின் உரிய அளவில் வரைந்து தரும் பொறுப்பு செயலியுடையது.